மாடியில் ஒரு வளைவு, மிஹ்ராபில் ஒரு திசை: டிஷ் ஆண்டெனாவும் கிப்லாக் கணக்கும்



தமிழகத்தின் எந்த மஹல்லாவில் நின்று பார்த்தாலும் இரண்டு திசைகள் நம் கண்ணில் படும். பள்ளிவாசலின் மிஹ்ராப் மேற்கும் சற்று வடக்குமாக நோக்கி நிற்கும். அதைச் சூழ்ந்த வீடுகளின் மொட்டைமாடிகளில் இருக்கும் டிஷ் ஆண்டெனாக்களோ தெற்கையோ தென்கிழக்கையோ நோக்கி நிற்கும். ஒன்று இபாதத்திற்கு உரியது. மற்றொன்று உலகியல் தேவைக்கு உரியது. ஆயினும் இவ்விரண்டு திசைகளையும் கண்டறியும் கணக்கு ஒன்றே. அக்கணக்கை வளர்த்தெடுத்ததில் நம் முன்னோரான அறிஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

டிஷ் ஆண்டெனாவைப் பற்றி நம் சமுதாயத்தில் நடந்த பேச்சு பெரும்பாலும் அதன் வழியே வரும் நிகழ்ச்சிகளைப் பற்றியதாகவே இருந்து வந்துள்ளது. அது தேவையான பேச்சுதான். பார்வைக்கும் செவிக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஆனால் கருவி வேறு, அதன் பயன்பாடு வேறு. இக்கட்டுரையில் கருவியின் வரலாற்றையும், அதைப் பொருத்தும் முறையையும், அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடத்தையும் காண்போம்.

கிண்ணத்தின் வளைவு எங்கிருந்து வந்தது?

டிஷ் ஆண்டெனா ஒரு சாதாரணக் கிண்ணம் அன்று. அதன் வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் யாவும் அவ்வளைவில் பட்டு ஒரே புள்ளியில் வந்து சேரும். அப்புள்ளி குவியம் எனப்படும். உருண்டையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தால் கிடைக்கும் கிண்ணத்தில் கதிர்கள் இவ்வளவு துல்லியமாக ஒன்றுசேர்வதில்லை.

இப்பண்பை முதலில் நிறுவியவராக அறியப்படுபவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த டயோக்ளிஸ் என்னும் கிரேக்கர். சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டும் ஆடிகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் கிரேக்க மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் அரபு மொழிபெயர்ப்பின் வாயிலாகவே உலகம் அதை இன்று அறிகிறது. இத்தகைய வளைவுகளைப் பற்றி அப்போலோனியஸ் எழுதிய பெருநூலின் நிலையும் இதுவே. பக்தாதில் பனூ மூஸா சகோதரர்களின் முயற்சியால் அந்நூல் அரபுக்கு வந்தது. அதன் 5, 6, 7ஆம் பகுதிகள் இன்று அரபு மொழியில் மட்டுமே எஞ்சியுள்ளன.

நம் அறிஞர்கள் இவற்றைப் பாதுகாத்ததோடு நின்றுவிடவில்லை. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி எழுதினார். அவருக்குப் பின், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (965 – சுமார் 1040) பரவளைய ஆடியைப் பற்றித் தனி நூல் இயற்றினார். ஆடியின் முழுப் பரப்பிலும் படும் கதிர்கள் ஒரே புள்ளிக்குச் செல்வதை அவர் வடிவக்கணிதத்தால் மெய்ப்பித்தார். அத்தகைய ஆடியை உலோகத்தில் செய்வது எவ்வாறு என்றும் விளக்கினார். அந்நூல் பின்னர் லத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பாவில் பயிலப்பட்டது.

டிஷ் ஆண்டெனாவைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய்யான பெருமையாகிவிடும். கிரேக்கரிடமிருந்து பெற்ற அமானிதத்தை நம் முன்னோர் பெருக்கி, அடுத்தவரிடம் ஒப்படைத்தனர் என்பதே உண்மை.

தீயிலிருந்து அலைக்கு

1888இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளும் ஒளியைப் போலவே எதிரொளிக்கின்றன என்பதைத் துத்தநாகத் தகட்டைப் பரவளையமாக வளைத்துச் செய்த சோதனையால் காட்டினார். 1937இல் அமெரிக்காவின் க்ரோட் ரீபர் தம் வீட்டருகே ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள பரவளையக் கிண்ணத்தைத் தாமே கட்டி, விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடித்தார்.

1945இல் ஆர்தர் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி, நமக்கு வானில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். அதைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்பது அதன் சாரம். அவர் பின்னாளில் இலங்கையில் குடியேறிக் கொழும்பிலேயே 2008இல் மறைந்தார்.

அக்கருத்து நம் நாட்டின் கிராமங்களுக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 1ஆம் நாள். அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குப் பயன்படுத்தி, ஆந்திரம், கர்நாடகம், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி, வேளாண்மை, சுகாதார நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அக்கிராமங்களில் நிறுவப்பட்டவை சுமார் 3 மீட்டர் அகலமுள்ள கிண்ணங்கள். கோழிக்கூட்டிற்குப் பயன்படும் கம்பிவலையையே அவற்றின் பரப்பாக நம் விஞ்ஞானிகள் அமைத்தனர். அலையின் நீளத்தைவிட வலையின் கண்கள் மிகச் சிறியவையாக இருந்தால், அந்த அலைக்கு வலையும் தகடும் ஒன்றே. அதே காலத்தில் இஸ்ரோவின் பொறியாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் ஓர் ஆண்டெனாவை நிறுவிக் கொடுத்தனர்.

பின்னர் அலையின் அதிர்வெண் உயர உயர, கிண்ணம் சிறுத்தது. இன்று நம் மாடியில் இருப்பது சுமார் 60 சென்டிமீட்டர் அகலமே.

ஸம்த்: ஒரு சொல்லின் பயணம்

வளைவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது சரியான இடத்தை நோக்க வேண்டும். அதற்கு இரண்டு கோணங்கள் தேவை. தரையில் எத்திசை என்பது ஒன்று. அத்திசையில் வானில் எவ்வளவு உயரம் என்பது மற்றொன்று. முதலாவதற்கு டிஷ் பொருத்துவோர் வழங்கும் சொல் 'அசிமுத்'. இது அரபுச் சொல். திசை எனப் பொருள்படும் 'ஸம்த்' என்பதன் பன்மையான 'அஸ்ஸுமூத்' ஐரோப்பிய நாவுகளில் அவ்வாறு திரிந்தது. 'ஸம்துல் கிப்லா' என்று நம் ஃபிக்ஹு நூல்களிலும் வானியல் நூல்களிலும் வருவது இச்சொல்லே.

இச்சொல் இவ்வளவு தூரம் பயணித்ததற்குக் காரணம் தொழுகை. மஸ்ஜிதுல் ஹராமை நோக்கி முகத்தைத் திருப்புமாறு அல்பகரா அத்தியாயத்தில் கட்டளை வந்தது. இஸ்லாம் ஸ்பெயினிலிருந்து மத்திய ஆசியா வரை பரவியபோது, மக்காவைக் கண்ணால் காணாத ஊர்களில் அத்திசையை எப்படி அறிவது என்னும் கேள்வி எழுந்தது. பூமி உருண்டை என்பதை அறிந்திருந்த அறிஞர்கள், அவ்வுருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையிலான நேர்திசையைக் கோண அளவுகளால் கணக்கிடும் முறைகளை உருவாக்கினர். கஸ்னியின் கிப்லாவைக் கண்டறிவதற்காக அல்பீரூனி ஊர்களின் இட அளவுகளை ஆராய்ந்து ஒரு நூலையே எழுதினார். அது 1025இல் நிறைவுற்றது. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் அல்கலீலி என்பவர், அட்சரேகை 10 முதல் 56 பாகை வரையிலும், மக்காவிலிருந்து தீர்க்கரேகை வேறுபாடு 60 பாகை வரையிலும், ஒவ்வொரு பாகைக்கும் கிப்லாவின் கோணத்தைக் கணக்கிட்டு அட்டவணையாகத் தந்தார். கணினி இல்லாத காலத்தில் செய்யப்பட்ட பணி அது.

இப்போது டிஷ்ஷுக்கு வருவோம். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே நிற்கிறது. அதற்கு நேர் கீழே பூமியில் ஒரு புள்ளி உண்டு. நம் வீட்டிலிருந்து அப்புள்ளியின் திசையே டிஷ்ஷின் திசைக்கோணம். கிப்லாக் கணக்கில் மக்காவின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும் இடத்தில், அட்சரேகையைப் பூஜ்ஜியமாகவும் தீர்க்கரேகையைச் செயற்கைக்கோளுக்கு உரியதாகவும் இட்டால், அதே கணக்கு டிஷ்ஷின் திசையைத் தந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து அதன் திசை, வடக்கிலிருந்து கிழக்காகச் சுற்றி எண்ணினால், சுமார் 134 பாகை. கன்னியாகுமரியிலிருந்து சுமார் 116 பாகை. அவ்வாறே சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தது. கன்னியாகுமரியில் சுமார் 24 பாகை. ஒரே மாநிலத்திற்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. 'கிப்லா என்றால் மேற்கு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்திக்கொள்வது எவ்வளவு குறைவுடையது என்பதை இதனால் அறியலாம்.

மாடியில் பொருத்தும் முறை

முதலில் இடம் தேர்தல். செயற்கைக்கோள் இருக்கும் திசையில் தென்னை மரமோ, தண்ணீர்த் தொட்டியோ, பக்கத்து மாடியோ மறைக்கக் கூடாது. அடுத்தது குழாய்த்தூண். இதைத் தளத்திலோ சுவரிலோ போல்ட்டுகளால் அசையாமல் பொருத்த வேண்டும். தூண் செங்குத்தாக நிற்பதே முழு வேலைக்கும் அடிப்படை. ரசமட்டத்தை இரண்டு பக்கங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். தூண் சாய்ந்திருந்தால் பின்னர் வைக்கும் கோணங்கள் யாவும் பிழையாகும்.

பிறகு கிண்ணத்தை அதன் பிடியில் பூட்டி, முன்னே நீளும் கையில் எல்என்பி என்னும் சிறு கருவியைப் பொருத்த வேண்டும். குவியத்தில் வந்து சேரும் அலையைப் பெற்று, அதன் அதிர்வெண்ணைக் குறைத்துக் கேபிளில் அனுப்புவது அதன் பணி. சிறிய டிஷ்களில் இக்கருவி நடுவில் இராமல் கீழே தள்ளியிருக்கும். பெரிய பரவளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்த வடிவம் அது. கருவியின் நிழல் கிண்ணத்தில் விழாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே டிஷ் வானை நோக்கும் உயரம் கண்ணுக்குத் தோன்றுவதைவிட அதிகம். சென்னையில் மேற்சொன்ன செயற்கைக்கோளின் உயரம் சுமார் 68 பாகை. டிஷ்ஷோ அவ்வளவு மல்லாந்து இருப்பதாகத் தெரியாது. பிடியில் அச்சிடப்பட்ட அளவுகோலைப் பார்த்து வைப்பதே முறை.

உயரக் கோணத்தை முதலில் வைத்துக்கொண்டு, திசைகாட்டியால் ஏறத்தாழத் திருப்பி, பின்னர் சிக்னல் அளவைப் பார்த்தபடி மிக மெதுவாக இடமும் வலமும் நகர்த்த வேண்டும். இரும்புத் தூணின் அருகில் திசைகாட்டி பிழையாகக் காட்டும். சற்று விலகி நின்று பார்க்க வேண்டும். சிக்னல் உச்சம் பெற்றதும் எல்என்பியைச் சிறிது சுழற்றிப் பார்த்து, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே போல்ட்டை முழுவதும் இறுக்கினால் கிண்ணம் திரும்பிவிடும். ஒன்றிரண்டு பாகை பிசகினால் நல்ல வெயிலில் படம் தெரிந்தாலும் மழை வந்ததும் மறைந்துவிடும்.

நமக்குரிய பாடம்

டிஷ் ஓரிரு பாகைப் பிழையைக்கூடப் பொறுப்பதில்லை. நம் மார்க்கமோ அடியார்களுக்கு இலகுவாக்கியுள்ளது. தொலைவில் இருப்பவர் கஅபாவின் திசைப்பக்கத்தை நோக்குவது போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. கஅபாவையே நேராக நோக்க முயல வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. அவரவர் இயன்ற அளவு முயல்வதே கடமை என்பதில் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. ஆகவே கைப்பேசிச் செயலி சில பாகை வேறாகக் காட்டியது என்பதற்காக, தலைமுறைகளாகத் தொழுதுவரும் பள்ளியின் ஸஃப்புகளில் பிளவை உண்டாக்குவது அறிவுடைமை ஆகாது. கைப்பேசியின் திசைகாட்டியும் இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட்டிற்குள் பிழை செய்யும். ஆலிம்களும் கணக்கறிந்தோரும் கூடி அளந்து, ஆலோசித்து முடிவெடுக்கட்டும். புதிதாகக் கட்டும் பள்ளிக்கு அடிக்கல் நாட்டும் முன்பே முறையாக அளந்துகொள்ளட்டும்.

அளப்பதற்கு எளிய வழியும் உண்டு. ஆண்டில் இருமுறை சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி இதைக் கிப்லா அறியும் வழியாக எழுதி வைத்தார். நம் நேரப்படி மே 28 பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 பிற்பகல் 2.57 மணிக்கும் செங்குத்தாக நட்ட கோலின் நிழல் எப்பக்கம் விழுகிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிப்லா. சூரியன் டிஷ்ஷுக்கும் சாட்சி சொல்கிறது: மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமஇரவு நாட்களை ஒட்டி, சூரியன் செயற்கைக்கோளின் பின்னால் நேராக வரும் சில நிமிடங்களுக்குப் படம் தடுமாறும்.

முன்பு எகிப்து, ஷாம் நாடுகளின் பெரும் பள்ளிவாசல்களில் இமாம், முஅத்தின் ஆகியோருடன் 'முவக்கித்' என்னும் நேரக்கணிப்பாளரும் பணியில் இருந்தார். டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் இப்னுஷ் ஷாதிர் போன்ற பெரும் வானியல் அறிஞர் அப்பொறுப்பை வகித்தார். அன்று பள்ளிவாசலுக்குள்ளேயே இருந்த அந்தக் கல்வியை, தொழுகை நேர அட்டவணையும் செயலியும் கைக்கு வந்ததும் நாம் வெளியே விட்டுவிட்டோம். அது மீண்டும் உள்ளே வர வேண்டும். மத்ரஸாவில் கிப்லாவின் சட்டங்களை ஓதும் மாணவருக்கு அதன் கணக்கையும் கற்பிப்போம். பள்ளிக்கூடத்தில் கோணக்கணிதம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, அது தங்கள் தொழுகையோடு தொடர்புடையது என்பதை உணர்த்துவோம். அடுத்த முறை வீட்டில் டிஷ் பொருத்தும்போது, மகனையோ மகளையோ உடன் நிறுத்தி, இரண்டு திசைகளையும் ஒரு தாளில் கணக்கிடச் சொல்வோம்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் அதிகப்படுத்துவானாக! நம் முகங்களையும் உள்ளங்களையும் அவன் பொருந்திக்கொள்ளும் திசையில் நிலைநிறுத்துவானாக! ஆமீன்.