விலக்கப்பட்ட தழுவல்: வானதூதர் – பிசாசு காதற்கதையின் வரலாற்றுத் தடம்

ஆணுருக் கொண்ட வானதூதனும் ஆணுருக் கொண்ட பிசாசும் காதலிக்கும் கதைகள் இன்று ஆங்கிலத்தில் தனி வகையாகவே பெருகிவிட்டன. இணையத் தலைமுறையின் விளையாட்டு என்று அவற்றை ஒதுக்குவோர் உண்டு. வகை புதிதுதான், அதற்குள் இருக்கும் கேள்விகள் புதியவை அல்ல. விண்ணுலகத்தார் காதலிக்கலாமா என்பது ஒன்று. அவர்கள் ஆணா, பெண்ணா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நெடுங்காலமாகப் பேசப்பட்டவை. மாறிக்கொண்டே வந்தது தடை எதன் மேல் விழுந்தது என்பதுதான்.

முதலில் அது விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே இருந்தது. தேவகுமாரர்கள் மனிதப் பெண்களை மணந்ததை ஆதியாகமத்தின் 6ஆம் அதிகாரம் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறது. ஏனோக்கு நூல் அதை விரிக்கிறது. 200 காவல்தூதர்கள் எர்மோன் மலையில் இறங்குகிறார்கள். எவரும் பின்வாங்கக் கூடாது என்று சபதம் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அரக்கர்கள் பிறக்கிறார்கள், பூமி கெடுகிறது. இங்கே காமத்தைவிடப் பெரிய குற்றமாகத் தெரிவது எல்லைமீறல்தான். உயிர்த்தெழுந்தோர் வானதூதரைப் போல மணம் செய்வதில்லை என்ற நற்செய்தி வாசகத்தால், வானதூதருக்கும் காதலுக்கும் தொடர்பே இல்லை என்ற எண்ணம் வலுப்பட்டது.

அந்த எண்ணத்தை உடைத்தவர் தூய்மைவாதக் கிறித்தவர் என்று நாம் நினைத்திருக்கும் ஜான் மில்டன். 1667இல் வெளிவந்த அவருடைய ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் முதற்பகுதியே, ஆவிகள் ஆண் உருவோ பெண் உருவோ இரண்டுமோ விரும்பியபடி ஏற்க வல்லவை என்கிறது. (வெ. ப. சுப்பிரமணிய முதலியார் ‘சுவர்க்க நீக்கம்’ என்று தமிழாக்கியது இந்த முதற்பகுதியைத்தான்.) அதைவிடத் துணிச்சலான இடம், 1674ஆம் ஆண்டுப் பதிப்பின் 8ஆம் பகுதியில் இருக்கிறது. விண்ணவர் தம் காதலை எப்படி வெளிப்படுத்துவார்கள் என்று ஆதாம் கேட்கிறான். வானதூதன் ரஃபேல் முகம் சிவக்கப் புன்னகைக்கிறான். உடலின் தடைகள் எங்களுக்கு இல்லை, தழுவினால் முழுமையாகவே கலந்துவிடுவோம் என்பது அவன் விடையின் சாரம். அதே காவியத்தின் 10ஆம் பகுதியில், விண்ணகத்தில் உள்ளவை ஆண் ஆவிகளே, பெண்கள் இல்லை என்று ஆதாம் புலம்புகிறான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் முடிவை மில்டன் எழுதவில்லை, வாசகர்கள் எட்டிவிட்டார்கள். 1942இல் மில்டனுக்கு முன்னுரை நூல் எழுதிய சி. எஸ். லூயிஸ், ஆண்பாற் சொற்களால் குறிக்கப்படும் இத்தூதர்களை வாசகர் தன்பால் காமத்தோடு இணைத்துப் பார்த்துவிடக்கூடும் என்று சுட்டி, அப்படியன்று என விளக்க வேண்டியிருந்தது. மறுப்பு ஒன்று தேவைப்பட்டதே, அந்த வாசிப்பு அன்றே இருந்ததற்குச் சான்று.

19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் பெரும்பாலும் ஏனோக்கின் வழிக்கே திரும்பினர். பைரனும் தாமஸ் மூரும் 1823இல் வானதூதர் மனிதப் பெண்களைக் காதலித்ததைப் பாடினர். எதிர்ப்பு எழுந்ததும் மூர் தம் தூதர்களை இஸ்லாமியப் பின்னணிக்கு மாற்றி மறுபதிப்பிட்டார். திருப்பம் பிரான்சில் நேர்ந்தது. ஆல்ஃபிரெட் தெ வின்யியின் ‘எலோவா’ (1824), கிறிஸ்துவின் கண்ணீரில் பிறந்த பெண்தூதர் ஒருத்தி இரக்கத்தால் சாத்தானிடம் ஈர்க்கப்பட்டு அவனோடு வீழ்வதைச் சொல்கிறது. தடை இப்போது சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் இடையே வந்துவிட்டது. ஆண்–பெண் இணை என்பது மட்டும் மாறவில்லை.

அதையும் மாற்றியது டெரி பிராட்செட், நீல் கெய்மன் இருவரும் எழுதிய ‘குட் ஓமென்ஸ்’ நாவல் (1990). ஏதேனின் கிழக்கு வாசலைக் காத்த தூதன் அசிராஃபேல். ஏவாளைத் தூண்டிய பாம்பு குரோலி. 6,000 ஆண்டு பூமியில் வேலை பார்த்ததில் இருவருக்கும் மேலிடத்தைவிட எதிராளியே நெருக்கமாகிவிடுகிறான். பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’ விலக்கிய 28ஆம் பிரிவு 1988இல் வந்திருந்தது. அச்சட்டம் பதிப்பாளர்களைக் கட்டுப்படுத்தவில்லை என்பதால் நாவலின் தயக்கத்துக்கு அதைக் காரணம் காட்ட மாட்டேன். ஆனாலும் தயக்கம் இருக்கத்தான் செய்தது: அசிராஃபேலைப் பார்ப்பவர்கள் தன்பாலீர்ப்பினன் என்று எண்ணுவார்கள் எனச் சொல்லும் நாவல், தூதர்கள் தாமாக முயன்றாலொழிய பாலற்றவர்கள் என்று உடனே நழுவிக்கொள்கிறது. மில்டன் திறந்த வாசல் நகைச்சுவையாக மீண்டும் திறக்கிறது. 1970களில் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகைகள் தொடங்கிய ஆண்–ஆண் காதல் புனைவு மரபு அந்த வாசலில் நுழைந்தது. தொலைக்காட்சிக்கு முன்பே ரசிகர் கதைகளில் இவ்விருவரும் காதலர்கள்.

நாவலின் தொலைக்காட்சித் தொடர் 2019 மே 31 அன்று வெளியானபோது, அமெரிக்கக் கத்தோலிக்கக் குழுவொன்று அதை எதிர்த்துத் திரட்டிய மனுவில் 20,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். பிசாசுகளை இயல்பானவையாகக் காட்டியது, கடவுளுக்குப் பெண் குரல் கொடுத்தது ஆகியவை அதன் குறைகளில் சில. (மனு போனதோ தொடரோடு தொடர்பே இல்லாத நெட்ஃபிளிக்ஸுக்கு!) 2023இல் வந்த இரண்டாம் பருவத்தில், தலைமைத் தூதன் கேப்ரியலும் நரகத்தின் பீல்செபூபும் காதலித்துப் பதவிகளை உதறிப் போய்விடுகிறார்கள். அதைக் கண்ட பிறகே குரோலி வாய் திறக்கிறான், முத்தமிடுகிறான். அசிராஃபேலோ விண்ணகத்தில் கிடைத்த உயர்பதவியை ஏற்றுக்கொள்கிறான்.

இவர்களைப் பிரிப்பது பாலினம் அன்று. அக்கதையில் விண்ணகமும் நரகமும் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. எதிரியோடு உறவாடுவதைத்தான் தண்டிக்கின்றன. தன்பால் காதலை, பாலினத்தைத் தடையாகக் காட்டாமலேயே, தடைபட்ட காதலாக எழுத முடிந்ததுதான் இவ்வகையின் உண்மையான சாதனை. இதன் வரலாற்றை எழுத முனைவோர் 2019ஆம் ஆண்டின் ஓடிடி தளங்களில் தொடங்க வேண்டாம். மில்டனின் 8ஆம் பகுதியையும் லூயிஸின் மறுப்பையும் முதலில் படியுங்கள்.