மல்லாட்டைக்குள் ஒரு மணிலா

எட்டயபுரத்துப் பிள்ளை ஒருவர் டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு எசுப்பானியம் பயிலப் போகிறார் என்று வையுங்கள். முதல் வியப்பு மொழியின் பெயரிலேயே அவருக்குக் காத்திருக்கிறது. 'எசுப்பானியம்' என்பதன் முன்னால் நிற்கும் எகரத்தைத் தமிழாசிரியர்களின் பிடிவாதம் என்று நகைப்போர் உண்டு. அம்மொழியாரோ தம் நாட்டை 'எசுப்பாஞா' என்றே சொல்கிறார்கள். சகர ஒலியும் இன்னொரு மெய்யும் இணைந்து சொல்லுக்கு முதலாவதற்கு அவர்கள் நாவும் இணங்குவதில்லை. பள்ளிக்கூடம் அங்கே 'எசுக்குவேலா', கரிசல் காட்டுப் பாட்டிக்கு 'இஸ்கூல்'.

அது கிடக்க. எனக்கு நாவூறுவது கடலையில். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் கடலை வேறு, கடலைமாவின் கடலை வேறு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பெயருக்கு மூத்த உரிமை பின்னதற்கே, அதாவது கொண்டைக்கடலைக்கு. தென்னமெரிக்காவில் பிறந்து கடல் கடந்து வந்த பயிருக்கு அப்பெயரில் பங்கு கொடுத்த தமிழர், இரண்டும் மயங்காதிருக்க முன்னால் ஓர் அடை சேர்த்தனர்: சிலர் வேர்க்கடலை என்றனர், சிலர் நிலக்கடலை என்றனர். என் ஓட்டு பின்னதற்கு. பூ கருவுற்றபின் விழுது கீழிறங்கி, மண்ணைத் துளைத்து, உள்ளே போய்க் காய்க்கிறதே தவிர வேரில் காய் பிடிப்பதில்லை.

மெக்சிக்கோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் இதே பயிருக்கு வழங்கிய பெயரைப் பிரித்தால் 'த்லால்' என்பது மண், 'ககவாத்ல்' என்பது சாக்லேட்டுக்கு மூலமான கொக்கோ விதை. தமக்கு முன்பே பழகிய விதையின் பெயரோடு மண்ணைச் சேர்த்து அவர்களும் ஒரு நிலக்கடலையைத்தான் படைத்திருக்கிறார்கள்! எசுப்பானியர் அந்த மண்ணை உதறிவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொண்டார்கள். கோவில்பட்டிக்காரரும் நிலத்தை உதறி வெறுங் கடலை என்றுதானே கேட்டு வாங்குகிறார்? இன்றும் மெக்சிக்கோவில் அது 'ககவாத்தே', எசுப்பெயினில் 'ககவெத்தே', கரீபியத் தீவுகளிலும் தென்னமெரிக்காவின் பெரும்பகுதியிலும் தைனோ மக்கள் விட்டுச்சென்ற 'மனி'. ஒருவர் கடலை கேட்கும் சொல்லிலேயே அவர் எந்தக் கரையார் என்பது ஓரளவு விளங்கிவிடும்.

நமக்கும் அப்படித்தான். விழுப்புரம், கடலூர், புதுவைப் பக்கம் போனால் கடலை 'மல்லாட்டை' ஆகிறது. மணிலாக்கொட்டை என்பதில் இகரம் கெட, ணகரம் அடுத்த லகரத்தோடு ஒன்றி மல்லாக்கொட்டை ஆகி, பிறகு நடுவிலிருந்த ககரமும் நழுவி மல்லாட்டை ஆயிற்று. 1571 முதல் எசுப்பானிய ஆட்சியின் கீழைத் தலைநகராயிருந்த மணிலாவையும் மெக்சிக்கோவின் அக்காப்புல்கோ துறைமுகத்தையும் 1815 வரை கப்பல்கள் இணைத்திருந்தன. அந்த நீண்ட வழியின் ஒரு முனை நம் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஓர் அடுக்கு உண்டு. மணிலா வட்டார மொழியான தகாலோகில் 'மய்நிலா' என்ற தொடருக்கு அவுரி உள்ள இடம் என்று பொருள். அதிலுள்ள 'நிலா' வடமொழி நீலத்திலிருந்து போனது. சாயத்தின் பெயராய் இந்தியக் கரையிலிருந்து புறப்பட்ட சொல் ஊர்ப்பெயராகி, கொட்டைக்கு அடையாகித் திரும்பி வந்திருக்கிறது. மல்லாட்டையில் அந்த நீலத்துக்கு மிஞ்சியது லகரம் மட்டுமே.

எட்டயபுரத்துப் பாரதி 1908இல் புதுவைக்குப் போனவர். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்த இடைசெவல் கி. ராஜநாராயணனும் பின்னாளில் புதுவைவாசியானார். கடலை என்று கேட்டு வளர்ந்த இருவர் காதிலும் அங்கே மல்லாட்டை விழாமலா இருந்திருக்கும்? வடமாவட்ட ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் விலைச் செய்தியில் மட்டும் இன்றும் முழுப்பெயர் தலைகாட்டுகிறது: மணிலா வரத்து இத்தனை மூட்டை.