தங்கவயலில் பெண் எடுத்த வகை

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு, வடாற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து நம்மவர்கள் திரளாக வந்தார்கள். வேலை கிடைத்தது; பெண்? அதற்குச் சொந்த ஊருக்குத்தான் போகணும். 1894-இல் மாரிக்குப்பம் வரை ரயில் வந்ததும் பங்காரப்பேட்டையில் வண்டி மாறி, ஜோலார்பேட்டை வழியாகப் போய்ப் பார்த்து வந்தார்கள்.

ராபர்ட்சன்பேட்டையில் எங்களுக்குப் பாத்திரக் கடை. சீர்வரிசைப் பாத்திரங்களில் பேரும் ஊரும் வெட்டித் தருவோம். அப்பா காலத்து ஆர்டர் நோட்டுதான் எனக்குக் கல்வெட்டு! முன்பக்கங்களில் பெண்ணின் ஊர் குடியாத்தம், ஆம்பூர், ஆரணி. வரவர மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் என்று லைன் வீடுகளுக்குள்ளேயே சம்பந்தம். ஊரிலிருந்து பெண் கொடுப்பவர்கள், "மாப்பிள்ளைக்கு மேலே வேலையா, கீழேயா?" என்று கேட்பார்களாம். கீழே என்றால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், பாறை வெடிக்கும். பெற்றவர்கள் பயப்படமாட்டார்களா?

எங்கள் நயினார் வீடுகளோ இங்கே மிகச் சில. வந்தவாசிப் பக்கம் எனக்குப் பெண் பார்க்க அப்பா மூன்று தடவை அலைந்தார்.

28-2-2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் என் மகனுக்குப் பார்த்தபோது சம்பந்தி வீட்டார் முதலில் கேட்டது, "பையன் பெங்களூரில் வீடு எடுப்பானா?" எடுத்தான். நாங்கள் கொடுத்த குத்துவிளக்கில் எந்த ஊரை வெட்டுவது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. தங்கவயல் என்றே வெட்டினோம்.