சட்டமன்ற முன்னுரிமைப் பட்டியல்
அமெரிக்க மாநகர அரசொன்று, தன் மாநிலச் சட்டமன்றத்திடம் எவற்றைக் கோருவது, எவற்றை எதிர்ப்பது என்பதை வரையறுத்து முறைப்படி ஏற்கும் ஆவணம் சட்டமன்ற முன்னுரிமைப் பட்டியல் எனப்படும். கூட்டாட்சி அரசியலமைப்பில் நகரங்களுக்குத் தனியிடம் இல்லாததால், மாநிலம் வழங்கிய அதிகாரங்களே அவற்றுக்கு உண்டு என அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868இல் வகுத்த கோட்பாடு இதன் பின்புலமாகும். தமக்கெனத் தன்னாட்சிச் சாசனம் கொண்ட நகரங்களும் வரிவிதிப்பில் பெரும்பாலும் மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே.

வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில், பிற அரசுகளுடனான தொடர்பைக் கவனிக்கும் அலுவலகம் இப்பட்டியலைத் தயாரிக்கும் பணியை மேற்கொள்கிறது. தலைநகர் ஒலிம்பியாவில் ஒற்றைப்படை ஆண்டுகளில் 105 நாள்களுக்கும் இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள்களுக்கும் மிகாத வழக்கமான கூட்டத்தொடரில் நகரின் பிரதிநிதிகள் இக்கோரிக்கைகளை வலியுறுத்துவர். வாக்காளர் ஒப்புதலின்றிச் சொத்துவரி வருவாயை ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தவிடாத வரம்பும், உள்ளாட்சிகள் வாடகைக்கு உச்சவரம்பு விதிப்பதைத் தடுத்த 1981ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கு நெடுங்காலம் விவாதிக்கப்பட்டவை.