எழுத யாருக்கு உரிமை?

மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் பாறை முகத்தில் வரிசையாக இருக்கின்றன. பல உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அரட்டநேமி படாரரின் மாணவியான குணந்தாங்கி குரத்திகள் இங்குள்ள பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. யார், எப்போது, யாருக்கு, என்ன என்று எல்லாம் பெயரோடு இருக்கிறது. பழங்கால வரவுக் கணக்கு அது. மலையேறி வருகிற எவரும் அதை வாசிக்கலாம். உளியை எடுத்து அதில் ஒரு வரி சேர்க்க மட்டும் எல்லோருக்கும் உரிமை இருந்ததில்லை.

இந்த மலைக்கு வடமேற்கே, திருவனந்தபுரத்தைத் தாண்டிக் கழக்கூட்டத்தில் 1990-இல் டெக்னோபார்க் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அது. குமரி மாவட்டத்து இளைஞர்கள் பலருக்குக் கணினி வேலை அங்கேதான் ஆரம்பம். அப்படிப்பட்ட அலுவலகங்களில் சர்வர் பார்ப்பவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருள் எழுதியவரின் கணினியில் ஒழுங்காக ஓடும். அதையே வெப் சர்வரில் ஏற்றினால் ‘ஆக்சஸ் டினைடு’ என்று நின்றுவிடும். யாருக்கு எழுத உரிமை என்ற அதே கேள்விதான் இதுவும். இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டவர் பிழையை விரைவாகப் பிடிக்கிறார் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கணினிக்குள் ‘உன்னுடையது, என்னுடையது’ என்ற பிரிவே முதலில் கிடையாது. ஒரு நேரத்தில் ஒருவர் வேலைதான் ஓடியது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்த முடிந்தது. அவரவர் ஃபைலை அவரவருக்கே வைக்க வேண்டியிருந்ததால் பாஸ்வேர்டும் வந்தது.

1966-இல் அங்கே நடந்ததை இன்று சர்வர் பார்க்கிற ஒவ்வொருவரும் அறிய வேண்டும். கணினிக்குள் நுழைகிற அனைவருக்கும் காட்டப்படும் அன்றைய அறிவிப்பை ஒரு நிர்வாகி திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொரு நிர்வாகி பாஸ்வேர்ட் பட்டியலைத் திருத்தினார். இருவரும் ஒரே கணக்கில், ஒரே இடத்தில் இருந்தார்கள். திருத்தும் நிரலோ தன் தற்காலிக ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். அந்த இடத்தில் ஒருவர் மட்டுமே வேலை செய்வார் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. இரண்டு ஃபைலும் இடம் மாறின. அதன் பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்து விழுந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் டூரிங் விருது உரையில் கோர்பட்டோவே இதை விரிவாகச் சொன்னார். தற்காலிக ஃபைல் என்ற அந்தச் சிறு விஷயம் நம் கதையில் மறுபடி வரும்.

எம்.ஐ.டி.யும் பெல் ஆய்வகமும் ஜி.இ.யும் சேர்ந்து கட்டிய மல்டிக்ஸ், ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘இன்னாருக்கு இது, இன்னாருக்கு அது’ என்று பட்டியல் வைத்தது. பெல் ஆய்வகம் அதிலிருந்து விலகிய பின், 1969-இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். கணினி சிறியது, பட்டியலுக்கு இடமில்லை. வாசி, எழுது, இயக்கு என்ற மூன்று உரிமைகளை உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கும் ஒன்பது பிட்டுகளில் அடக்கிவிட்டார்கள். 644, 755 என்று இன்றும் சர்வரில் தட்டுவது அந்தக் கணக்கைத்தான். ஃபோல்டருக்கு ‘இயக்கு’ என்றால் அதன் வழியாக உள்ளே போகலாம் என்று பொருள். ரிப்போர்ட் ஃபைல் எல்லோருக்கும் திறந்திருக்க, மேலே உள்ள ஒரு ஃபோல்டரில் இந்த ஒரு பிட் இல்லாததால் வெப் சர்வரிடமிருந்து 403 என்ற மறுப்பு வருவது அன்றாடம் நடப்பது. ஆத்திரத்தில் எல்லாவற்றுக்கும் 777 போட்டுவிடுகிற பழக்கமும் இங்கேதான் பிறந்தது. அது பிழையை மறைக்கும். கூடவே யார் வேண்டுமானாலும் உளி எடுக்கலாம் என்றும் ஆக்கிவிடும்.

1975-இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும், வேலைக்குத் தேவையானதற்கு மேல் எந்த நிரலுக்கும் உரிமை தரக்கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே எழுதிவைத்தார்கள். 1995-இல் வெளிவந்த அப்பாச்சி வெப் சர்வர் அதைப் பின்பற்றியது. 80-ஆம் போர்ட்டைத் திறக்க மட்டும் ரூட் என்ற உச்ச அதிகாரக் கணக்கில் எழும்பும். வாசகருக்குப் பக்கம் கொடுக்கும் வேலையை அதிகாரமற்ற ஒரு கணக்கின் பெயரில் செய்யும். டெபியன் லினக்ஸில் அந்தக் கணக்கு ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா’. ஃபைலை நிர்வாகி தன் பெயரில் ஏற்றுகிறார். திறக்க வருவது வேறு பெயர். பாதிப் பிழைகளுக்கு வேர் இதுதான்.

விண்டோஸ் அந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றது. 2001 ஜூலையில் கோட் ரெட் புழு, மைக்ரோசாஃப்ட்டின் ஐ.ஐ.எஸ். சர்வர்களை ஒரே நாளில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் தொற்றியது. அது நுழைந்த பகுதி கணினியின் உச்ச அதிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் நிம்டா என்ற இன்னொரு புழு வந்தது. 2002 ஜனவரியில், இனிப் பாதுகாப்பே முதல் வேலை என்று பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு எழுதினார். 2003-இன் விண்டோஸ் சர்வரில் ஐ.ஐ.எஸ். தானாக நிறுவப்படவில்லை. நிறுவினாலும் ‘நெட்வொர்க் சர்வீஸ்’ என்ற குறைந்த உரிமைக் கணக்கில்தான் ஓடியது.

பாதுகாப்பு கூடியது, ரிப்போர்ட்டுகள் நின்றன. ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருளான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் ஒரு ரிப்போர்ட்டைத் திறக்கும்போது அதன் நகலைத் தற்காலிக ஃபோல்டரில் எழுதும். முன்பு ‘ஏஎஸ்பிநெட்’ என்ற கணக்குக்குக் கொடுத்திருந்த உரிமை புதிய கணக்குக்கு இல்லை. ‘லோட் ரிப்போர்ட் ஃபெயில்டு’ என்று திரையில் வர, நிர்வாகிகள் ரிப்போர்ட் ஃபைலையே திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். குறை இருந்ததோ யாரும் எட்டிப் பார்க்காத டெம்ப் ஃபோல்டரில். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 வந்தபோது, வெப் நிரல்கள் ஓடும் ஒவ்வொரு அப்ளிகேஷன் பூலுக்கும் தனிப் பெயர் என்று மீண்டும் மாறியது. பத்தாண்டுக்குள் மூன்று பெயர்கள்! சர்வரைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் அதே தொல்லை திரும்பியதில் வியப்பில்லை.

2004-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் இன்னொரு சிக்கலையும் பரவலாக்கியது. பயனர் வெப் சர்வரிடம் தன்னை நிரூபிக்கிறார். வெப் சர்வர் வேறொரு கணினியிலுள்ள டேட்டாபேஸுக்குப் போகும்போது அந்த அடையாளத்தைத் தானாகக் கொண்டுபோக முடியாது. டேட்டாபேஸ் பதிவேட்டில் ‘அனானிமஸ் லாகான்’ தோல்வி என்று விழும். கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் இன்ன சேவைக்கு மட்டும் அடையாளத்தை ஒப்படைக்கலாம் என்று முறையாக அமைத்தால் தீரும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவருக்குக் குமரியின் எல்லைக்கு அப்பாலேயே பதில் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை 2019 அக்டோபர் 30-இல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு சேர்ந்த வலையமைப்பில் அந்தக் கணினி இருந்தது என்றும், முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து அது பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் சொன்னது. அந்தப் பிரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

உரிமைப் பிழையைத் தேடும் கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய ஃபைல்மான், எந்த நிரல் எந்த ஃபைலைத் தொடுகிறது என்பதை ஓடும்போதே காட்டியது. 2006-இல் அதன் இடத்தைப் ப்ராசஸ் மானிட்டர் பிடித்தது. லினக்ஸில் ‘எஸ்ட்ரேஸ்’ உண்டு. செலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இருக்கும் கணினியில் 777 போட்டும் கதவு திறக்காமல் போகலாம் என்பதால் அதன் ஆடிட் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, ரிப்போர்ட்டை ஒருமுறை திறந்து, ‘ஆக்சஸ் டினைடு’ என்ற வரிகளை மட்டும் வடிகட்டினால் நேரம், நிரலின் பெயர், ஃபைல் இருக்கும் இடம், எந்தக் கணக்கில் வந்தது என்று அத்தனையும் ஒரே வரியில் கிடைத்துவிடும். அந்தக் கணக்குக்கு, அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும், எழுத உரிமை கொடுத்தால் ரிப்போர்ட் திறக்கும்.