படுவான்கரை வயல்களும் உழவுக் கருவிகளும்



மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்துள்ள மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே விரிந்து கிடக்கும் வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். எழுவான்கரையில் வாழ்ந்த பலருக்கு வயல் மறுகரையில் இருந்தது. ஆதலின் உழவனுடைய கருவி எதுவாயினும் அது வாவியைக் கடந்தாக வேண்டும். தோணியில் ஏற்றலாம், அல்லது இங்கே 'பாதை' என்று வழங்கும் மிதவையில் ஏற்றலாம். மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே அதன் பின்னரும் பாதையே ஓடிற்று.

பழைய கருவிகள் இதற்கு ஏற்றனவாகவே இருந்தன. மண்வெட்டியும் கத்தியும் சுளகும் ஒருவன் தோளில் அடங்குவன. அவற்றுள் மண்வெட்டிக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. அச்சொல்லே திரிந்து, 'மமோட்டி' என்று இலங்கை ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. பெருந்தோட்டங்களுக்காக இங்கிலாந்துத் தொழிற்சாலைகளிலும் மண்வெட்டி செய்து அனுப்பினார்கள்.

ஆயினும் இப்பகுதியின் தலையாய கருவி இரும்பாலானதன்று, அது எருமை. மாரி மழை விழுந்து களிமண் இளகியதும் எருமைகளை வயலில் இறக்கிச் சேறாகும்வரை மிதிக்க விடுவர். வேளாண்மை வெட்டிச் சூடு வைத்த பின்னர்க் களவெட்டியிலே கதிரை மிதித்து நெல்லைப் பிரிப்பதும் அதே எருமைதான். (வேளாண்மை என்றால் பிற ஊரார் உழவுத் தொழிலை எண்ணுவர், எங்களுக்கோ அது வயலில் நிற்கும் நெற்பயிர்.) எருமை புல்லைத் தின்றது, தயிர் தந்தது, எரு தந்தது, கன்றும் ஈன்றது.

இவ்வளவையும் சொல்லி அக்காலத்தைப் பொற்காலம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. பெரும் பட்டிகள் பெரும்பாலும் போடிமாரிடமே இருந்தன. சிறு நிலத்தான் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். மழையோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. விதைப்புப் பிந்தினால் அந்தப் போகம் முழுவதும் பிந்தும். இயந்திரத்தின் மீது மக்கள் கொண்ட ஆவல் இந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்தது என்பதே என் கருத்து.

1949இல் டி. எஸ். சேனநாயக்காவின் அரசு கல்லோயாத் திட்டத்தைத் தொடங்கிற்று. அம்பாறைப் பகுதி 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தே இருந்தது. இங்கினியாகலையில் அணை கட்டிய அமெரிக்க நிறுவனத்தின் இராட்சத இயந்திரங்களை மக்கள் வியந்து நோக்கினர். காடு வயலாயிற்று, மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று. நான்கு சக்கர உழவு இயந்திரமும் வந்தது. ஆனால் அதனை வாங்க வல்லவர் யார்? பட்டியை இரவல் கேட்டவன் இப்பொழுது இயந்திரத்தை வாடகைக்குக் கேட்டான். காத்திருப்பு மட்டும் மாறவில்லை.

இந்நிலையிலேதான் கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்ற நம் நாட்டவரான ரே விஜேவர்த்தன, 1950களில், நடந்து செலுத்தத்தக்க இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். இங்கிலாந்தின் லான்ட்மாஸ்டர் நிறுவனம் அதனைத் தயாரித்தது. அது வரம்பு கடக்கும், சிறு வயலிலும் திரும்பும், பாதையிலும் ஏறும். பின்னர் யப்பானிலிருந்து வந்த இயந்திரங்களையும் நம்மவர் லான்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர்.

வியப்பு என்னவெனில், அதனைப் படைத்தவரே பிற்காலத்தில் அதனை ஐயுற்றார். தாம் உழவை இயந்திரமயமாக்கவில்லை, எருமையையே இயந்திரமயமாக்கிவிட்டோம் என்று 2010இல் மறையும்வரை வெளிப்படையாகக் கூறி வந்தார். விளைச்சல் கூடிற்றா என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல விடை இருக்கவில்லை. உழாமலே விதைக்கும் முறைகளை நோக்கி அவர் ஆராய்ச்சி திரும்பிற்று. தம் புகழுக்குக் காரணமான பொருளையே இவ்வாறு எடைபோடுவோர் அரியர்.

சிறு கருவியிலும் இத்தகைய பிழை நேரும். 1950களில் யப்பானிய நெற்செய்கை முறையோடு, கையால் தள்ளும் உருளைக் களைகருவி பரப்பப்பட்டது. நல்ல கருவிதான்; ஆனால் நாற்று வரிசையாக நடப்பட்டிருக்க வேண்டும். கையால் வீசி விதைக்கும் எங்கள் வயலில் அது எங்கே உருளும்? கருவியை வாங்குபவன் அதற்கு ஏற்ற முறையையும், அம்முறைக்கு வேண்டிய ஆட்கூலியையும் சேர்த்தே வாங்குகிறான்.

எருமைக்கே திரும்பினாலென்ன என்று கேட்பவர் உளர். போர்க்காலத்தில் பட்டிகள் பல அழிந்தன. மேய்ச்சல் தரையும் எளிதில் கிடைப்பதன்று. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர் 2023இல் தொடங்கி மாதக்கணக்கிற் போராடியது அதற்காகவே. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைப்பட்டபொழுது எருவைத் தேடினோம். 2022இல் டீசலுக்காகக் கொள்கலன்களோடு வரிசையில் நின்றோம். அவ்வரிசையில் நின்ற உழவரின் இயந்திரங்கள் வயலோரத்தில் வெயிலிற் கிடந்தன.