செஞ்சோற்றுக்கடனும் அறமும்: தமிழ் மரபில் கர்ணன்

முன்னுரை

இதிகாச மாந்தரைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்யும்போது ஒருவருக்கு ஒரு பண்பு என்று வகுத்துக் கூறுவது வழக்கம். தருமன் வாய்மைக்கும், பீமன் வலிமைக்கும், கர்ணன் கொடைக்கும் எடுத்துக்காட்டாவர். நினைவில் நிறுத்த இம்முறை எளிது. ஆயினும் கர்ணனைத் தமிழ் மரபு போற்றிய முறை இவ்வளவு எளிதன்று. காப்பியம், கதைப்பாடல், கூத்து, திரைப்படம் எனப் பல வடிவங்களில் அவன் கதை வளர்ந்துள்ளது. அவற்றினூடே ஒரு வினா தொடர்ந்து எழுகிறது: நன்றி மறவாமை பேரறம் எனில், நன்றிக்கு உரியவன் அறம் பிழைக்கும்போது நன்றியுடையவன் செய்யத்தக்கது யாது? தமிழ் மரபு இவ்வினாவை எதிர்கொண்ட வகையையும், புலம்பெயர்ந்த சூழலில் அதைக் கற்பிப்பதன் தேவையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நன்றி என்னும் அறம்

கர்ணனுக்குத் தமிழ் மண்ணில் கிடைத்த பரிவுக்குக் களம் முன்னரே அமைந்திருந்தது. புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார், பிற கொடும்பாவங்களுக்குக் கழுவாய் உண்டெனினும் செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்வில்லை என்ற கருத்தை அறநூலின் கூற்றாகவே எடுத்துரைக்கிறார். திருக்குறள் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, அதன் இறுதிக் குறளில் இதே கருத்தை வலியுறுத்துகிறது. உண்ட சோற்றுக்கு உயிரையும் கொடுக்கும் வீரனின் கடமை ‘செஞ்சோற்றுக்கடன்’ எனப் பெயர் பெற்றது. இத்தகைய விழுமியம் வேரூன்றிய சமூகத்தில், அவமதிப்புற்ற வேளையில் அங்க நாட்டை அளித்து உயர்த்திய நண்பனுக்காக உயிர் துறந்தவன் மக்கள் மனத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

வியாசர் காட்டும் கர்ணன்

வடமொழி மூலத்தில் கர்ணன் முரண்கள் நிறைந்தவன். உத்தியோக பருவத்தில், தூது தோல்வியுற்றபின் கண்ணன் அவனைத் தனியே அழைத்துப் பிறப்பின் உண்மையைக் கூறி, பாண்டவர்க்கு மூத்தவனாய் அரசேற்குமாறு வேண்டுகிறான். தன்னை வளர்த்த அதிரதனையும் இராதையையும், தன்னை நம்பிப் போரில் இறங்கிய துரியோதனனையும் கைவிட இயலாது எனக் கர்ணன் மறுக்கிறான். அதே உரையாடலில், துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்மீது கடுஞ்சொற்களைப் பொழிந்ததற்காக வருந்துவதாகவும் கூறுகிறான். சூதாட்ட அவையில் திரௌபதியை இழித்துரைத்து, அவள் ஆடையைக் களையுமாறு துச்சாதனனை ஏவியவனும் அவனே. நட்பின் பொருட்டுத் தான் தவறிழைத்ததை உணர்ந்த பின்னரும் அந்நட்பை விட்டு நீங்க இயலாத மனிதனையே வியாசர் படைத்துள்ளார்.

வில்லிபுத்தூரார் செய்த மாற்றம்

வக்கபாகையை ஆண்ட வரபதியாட்கொண்டானின் ஆதரவில் வில்லிபுத்தூரார் இயற்றிய பாரதம், பத்துப் பருவங்களில் அமைந்தது. கர்ணன் கதையில் அது சேர்த்தும் இடம் மாற்றியும் அமைத்த நிகழ்ச்சிகளே தமிழ்க் கர்ணனை உருவாக்கின. அவற்றுள் மூன்று சிறப்பாகக் கருதத்தக்கன.

முதலாவது, குந்தியிடம் கர்ணன் கூறும் மேகலை நிகழ்ச்சி. துரியோதனன் மனைவியுடன் தனியிடத்தில் இருந்தபோது அவளது மேகலையின் மணிகள் சிதறுகின்றன. அங்கு வந்த துரியோதனன் ஐயுறவில்லை. மணிகளை எடுக்கவோ, கோக்கவோ என்று மட்டும் வினவுகிறான். தன்மீது இத்தகைய நம்பிக்கை வைத்தவனுக்குக் கடன் கழிப்பதே தனக்குப் புகழும் தருமமும் என்கிறான் கர்ணன். வியாசரில் இல்லாத இந்நிகழ்ச்சி, நன்றியின் காரணத்தை நாட்டிலிருந்து நம்பிக்கைக்கு மாற்றுகிறது. கொடுத்த நாட்டைத் திருப்பித் தரலாம். வைத்த நம்பிக்கையைத் திருப்பித் தர வழியில்லை.

இரண்டாவது, போர்க்களக் கொடை. அம்பு தைத்து வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் முதிய அந்தணனாக வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் இரக்கிறான். நீர் வார்த்துக் கொடுக்க இயலாத நிலையில், மார்பில் வழியும் குருதியால் தாரை வார்க்கிறான் கர்ணன். கைம்மாறாகக் கேட்கும் வரமும், இனிப் பிறவி நேரின் இரப்போர்க்கு இல்லையென்னாத உள்ளம் வேண்டும் என்பதே.

மூன்றாவது, தாயின் ஏற்பு. வியாசரில் போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் குந்தி உண்மையை வெளியிடுகிறாள். வில்லியோ, கர்ணன் இறக்கும் களத்திலேயே தாய் அவனை மடியில் ஏந்தி உலகறிய ‘என் மகன்’ எனப் புலம்பும்படி அமைத்தார். வாழ்நாள் முழுதும் மறுக்கப்பட்ட பிறப்புரிமை இறக்கும்போதேனும் அவனுக்குக் கிட்டுகிறது.

கூத்தும் கதைப்பாடலும்

காப்பியத்தினும் பரவலாக மக்களைச் சென்றடைந்தவை பெரிய எழுத்துப் பதிப்புகளாக வழங்கிய கதைப்பாடல்களும் தெருக்கூத்தும் ஆகும். வடதமிழகத்தில் ஆடப்படும் ‘கர்ண மோட்சம்’ கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி முதன்மை பெறுகிறாள். களம் செல்லுமுன் விடைபெற வரும் கணவனை அவள் குலம் அறியாதவன் என இகழ்கிறாள். அவன் தன் பிறப்பை வெளியிட்ட பின்னரே அவள் கண்ணீர் சிந்துகிறாள். இகழ்ச்சியும் கண்ணீரும் ஒரே மனிதனைக் குறித்தவை. இடையில் மாறியது அவன் குலத்தைப் பற்றிய செய்தி ஒன்றே. பிறப்பைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் வழக்கத்தின் வறுமையைக் கூத்து இவ்வாறு வீட்டுக்குள்ளேயே வைத்துக் காட்டுகிறது.

இக்கூத்து ஆடப்படும் இடம் மேலும் கருதத்தக்கது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கதை இரவுதோறும் நிகழ்த்தப்படுகிறது. துகிலுரிதல் ஆடப்பட்ட அதே களத்தில் சில இரவுகளுக்குப் பின் கர்ண மோட்சமும் ஆடப்படுகிறது. இறுதியில் மண்ணால் அமைத்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளம் நிகழ்ந்து, அம்மன் கூந்தல் முடிக்கிறாள், தீமிதியும் நடைபெறுகிறது. தன்னை அவையில் இழித்தவனுக்காக ஊர் அழுவதை அம்மனின் சந்நிதி தடை செய்யவில்லை. அவனுக்காக அழுத ஊர் அவள் சபதத்தையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே ஏற்பது விழாவின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. இறந்தோர்க்குச் செய்யும் கருமாதிச் சடங்குகளையொட்டியும் இக்கூத்தை நிகழ்த்துவது, அதன் மோட்சக் கருத்து மக்கள் வாழ்வில் பெற்ற இடத்தைக் காட்டும்.

ஈழத்திலும் கர்ணன் கதை கூத்து மரபில் வேரூன்றியுள்ளது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியது, நாட்டுப்புற ஆட்டத்தைக் கற்றோர் அரங்குக்குக் கொணர்ந்த முயற்சிகளுள் முக்கியமானது.

இருபதாம் நூற்றாண்டும் அதன் பின்னும்

பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்தில் விகர்ணன் நீதி பேசுவதையும் கர்ணன் அதை மறுப்பதையும் அடுத்தடுத்து அமைத்தார். அங்கே கர்ணன் வள்ளல் அல்லன். அநீதிக்குத் துணைநிற்கும் குரல். பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ (1964) கொடையையும் நட்பையும் தாயன்பையும் முன்னிறுத்தியது. மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991) அதே நட்பை நிகழ்கால நகரத்தில் வைத்தது. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) பிறப்பால் ஒடுக்கப்பட்ட மக்களின் போராளிக்கு இப்பெயரைச் சூட்டியது. கொடை, கடன், பிறப்பு என்னும் மூன்று இழைகளுள் எதனை முதன்மையாக்குவது என்பதை ஒவ்வொரு காலமும் தானே தேர்ந்துள்ளது எனலாம்.

கும்பகருணனோடு ஓர் ஒப்பீடு

செஞ்சோற்றுக்கடனின் எல்லையை அறியக் கம்பரின் கும்பகருணன் துணைபுரிகிறான். அவனும் அறமற்றவன் பக்கம் நின்று மடிகிறான். வீடணன் அழைத்தும் வர மறுக்கிறான். ஆயினும் அவன், சீதையைச் சிறைவைத்தது பிழை என அண்ணனின் அவையிலேயே எடுத்துரைத்தவன். கடன் உயிரைக் கேட்கலாம். உண்மை பேசும் நாவைக் கேட்கலாகாது என்பதற்கு அவன் சான்று. கர்ணனும் உயிரைக் கொடுத்தான். ஆனால் பேச வேண்டிய அவையில், பேசக்கூடாததைப் பேசினான். இருவரும் தோற்ற பக்கத்தினரே எனினும், அவர்களிடையே உள்ள இவ்வேறுபாடே நன்றிக்கும் உடந்தைக்கும் இடையிலான எல்லைக்கோடு.

புலம்பெயர் சூழல்

இவ்வினா இன்று தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் மட்டும் உரியதன்று. மெல்பேர்ன் நகரின் மேற்கில் விண்டம் மாநகர எல்லைக்குள் அமைந்த டார்னெய்ட், அண்மைக் காலத்தில் விரைந்து வளர்ந்த குடியிருப்பு. இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் பெருமளவில் வாழும் புறநகர்களுள் அது ஒன்று. விக்டோரியாவில் பள்ளி இறுதிச் சான்றிதழுக்குரிய பாடங்களுள் தமிழும் இடம்பெற்றுள்ளது. இங்கு வளரும் குழந்தைக்குக் கூத்தின் நெடிய இரவுகள் வாய்ப்பதில்லை. கதை, வகுப்பறையின் குறுகிய நேரத்திலும் மேடைப்பேச்சின் சில நிமிடங்களிலும் அடங்க வேண்டியுள்ளது. அவ்வாறு சுருங்கும்போது ‘கர்ணனைப் போல் கொடு’ என்ற ஒற்றை வரியே எஞ்சக்கூடும்.

அக்குழந்தையின் வாழ்விலோ கடன்கள் பல. பெற்றோர் பிறந்த மண்ணுக்கும், கல்வியும் வாழ்வும் தரும் மண்ணுக்கும், நண்பர்க்கும், உறவினர்க்கும் அது கடன்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று தவறான வழியில் அழைக்கும்போது செய்யத்தக்கது என்ன என்ற வினா அதற்கும் எழும். நண்பன் ஒருவனை வகுப்பே இகழும்போது நட்புக்காக அதில் சேர்வதா, மறுப்பதா என்பது சூதாட்ட அவையில் எழுந்த வினாவின் சிறுவடிவமே. எனவே மேகலை நிகழ்ச்சி, சூதாட்ட அவை, போர்க்களக் கொடை ஆகிய மூன்றையும் சேர்த்தே கற்பிப்பது பயன்தரும். முதலாவது கடன் பிறந்த காரணத்தையும், இரண்டாவது அக்கடன் வழிதவறிய இடத்தையும், மூன்றாவது அதன்பின்னும் எஞ்சிய பெருமையையும் உணர்த்தும்.

முடிவுரை

தமிழ் மரபு கர்ணனுக்குத் தீர்ப்பு எழுதவில்லை. அவன் நன்றியைப் போற்றியது. அவன் பிறப்புக்கு நேர்ந்த இழிவைக் கண்டித்தது. அவையில் அவன் பேசியதையும் மறைக்கவில்லை. பெருமை குற்றத்தை அழிப்பதில்லை, குற்றம் பெருமையை அழிப்பதில்லை என்பதே திரௌபதி அம்மன் களத்தில் ஊர் பயின்று வந்த அறக்கல்வி. இதிகாச மாந்தரை ஒற்றைப் பண்பின் பெயர்ப்பலகைகளாகக் குறுக்காமல் அவர்தம் முரண்களோடு அடுத்த தலைமுறைக்கு வழங்கும்போதே, அவர்களிடமிருந்து பெறும் நீதி அத்தலைமுறையின் வாழ்வுக்குப் பயன்படும்.